ஒன்பதாம் நம்பர் அறையின் கொண்டி

பதினோரு பெண்களை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மறுநாள் விடிந்தபோது, வெடித்துத் தூளாகிப்போன பட்டாசுக் கம்பெனியின் ஒன்பதாம் நம்பர் அறை, ஒரு செங்கல் குறையாமல், குருவம்மாள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்துக்கும் குளிக்கிற தட்டி மறைப்புக்கும் நடுவில் வந்து நின்றது. சுண்ணாம்புச் சுவரில் சிவப்பாக எழுதின ஒன்பது அப்படியே இருந்தது, அதன் கீழே நான்கு பேருக்கு மேல் உள்ளே வேலை செய்யக் கூடாது என்ற தகரப் பலகை இருந்தது, கதவின் வெளிப்பக்கம் இரும்புக் கொண்டி போட்டபடி இருந்தது, கொண்டியின் மேல் அலுமினியப் பொடி அப்பிய ஐந்து விரல்களின் தடம் வெள்ளியாக மின்னியது. அந்த விரல்கள் குருவம்மாளுடையவை.

சாணி தெளிக்க வந்த பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய்தான் முதலில் பார்த்தாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைக்காமலே, கம்பெனி ரூமு இங்க வந்து நிக்குதே குருவு, இதுக்குப் பொங்கல் வைக்கணுமா கருமாதி வைக்கணுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் வாசலைத் தெளிக்கப் போய்விட்டாள். ஊருணிப்பட்டி அப்படிப்பட்ட ஊர்தான். முதல் நாள் பயந்தார்கள், மூன்றாம் நாள் சூடம் காட்டினார்கள், எட்டாம் நாள் அதன் நிழலில் ஆடு கட்டினார்கள், பதினாறாம் காரியம் முடிந்த கையோடு அதன் மேல் வற்றல் காயப்போட்டார்கள். ஊராட்சி எழுத்தர் வந்து சுவரில் கதவு எண் எழுதிவிட்டுப் போனார். தினமும் காலை பதினொன்று இருபதுக்கு, அதாவது வெடித்த அதே நேரத்துக்கு, உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் பிசகாமல் கேட்டதால், கடிகாரம் ஓடாத பள்ளிக்கூடத்துக்கு அதுவே இடைவேளை மணி ஆயிற்று. பழகிவிட்டால் பிணவாடையும் சாம்பிராணிதான்.

குருவம்மாளுக்கு வயது முப்பத்துநான்கு. கேரளாவுக்கு முறுக்கு விற்கப் போன புருஷன் திரும்பி வராமல் போனதிலிருந்து, ஒரே மகள் அங்காளஈஸ்வரியையும், கல்யாணத்துக்கு நின்ற தங்கை சண்முகத்தாயையும் வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியில்தான் பிழைத்தாள். அவள் வேலை அறைக்குள் இல்லை. வெளியே வெயில் தளத்தில் தரைச்சக்கரங்களைப் பரப்பிக் காயவைத்துப் புரட்டிப்போட வேண்டும். ஆனால் வெயில் தளத்து ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் தீபாவளி நெருக்கத்தில் பத்துப் பேர், பதினோரு பேர் இருப்பார்கள், மற்ற கதவுகளை அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கும். பரிசோதனை ஜீப் கேட்டுக்கு வந்து இரண்டு ஹாரன் அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, அறைக்கு வெளியே கொண்டி போட்டுவிட்டு, தளத்துக்குத் திரும்பி நின்று, அதிகாரி கேட்டால் ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்: உள்ள யாரும் இல்ல சார். கொண்டி போட்ட அறை ஓடாத அறை, அதைத் திறந்து பார்க்கச் சொல்கிற அதிகாரி அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

போர்மேன் சீனிராஜ்தான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று நாளும் வாயாலேயே ஹாரன் அடித்து அடித்து அவளை ஓடவைத்தான். முதல் நாள் திணறினாள், இரண்டாம் நாள் கொண்டியில் விரலை நசுக்கிக்கொண்டாள், மூன்றாம் நாள் கம்பெனியிலேயே வேகமான கை அவளுடையது என்று ஆயிற்று. அந்த வருஷத் தீபாவளிக்கு அதற்காகவே அவளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தார்கள். அவளும் அதைப் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டாள், அதில்தான் மகளுக்குப் பள்ளிக்குச் சோறு கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கும் ஜீப் வந்தது, ஹாரன் அடித்தது, சீனிராஜ் கண்ணைக் காட்டினான், அவள் ஓடிப்போய்க் கொண்டி போட்டாள். அதிகாரி ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மோர் குடித்தார். புரட்டாசி வெயிலில் தகரக் கூரை கொதித்தது. உள்ளே பதினோரு பேரில் ஒருத்தியாகச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த தங்கை சண்முகத்தாய், "அக்கா, தொறந்து விடு, புழுங்குது" என்று சொன்னாள். இவள், "இரு, ஜீப்பு போயிரட்டும்" என்று சொன்னாள். பிறகு வெடித்தது. குருவம்மாள் மேல் ஒரு கீறல்கூட இல்லை, ஊர் அதை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அறை வந்து நின்ற நாளிலிருந்து அவளுக்கு மறக்கத் தொடங்கியது. முதலில் உப்பு டப்பா இருக்கிற இடம் மறந்தது, அப்புறம் உப்புப் போட்டோமா என்பது மறந்தது, அப்புறம் ரேஷன் கடைக்குப் போகிற தெரு மறந்து ஊருணியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அப்புறம் கிழமை மறந்தது, புருஷன் முகம் மறந்தது, இரட்டைச் சடை பின்னத் தெரியாமல் மகளின் தலைமுடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மறக்காதது அந்த இரும்புக் கொண்டி ஒன்றுதான். அதன் சூடு, அது வளையத்தில் விழுந்த சத்தம், அதன்மேல் ஊர்ந்த எறும்பு, எல்லாம் இப்போது நடப்பது போல அவள் கண்முன் நின்றன. ஒரு நொடியை வைத்துக்கொள்ள இடம் போதாமல், தலை மற்ற சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டது.

வெளியே போட்ட சாமான்கள் எங்கே போகின்றன என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். ஈசு என்று கூப்பிடப்பட்ட அங்காளஈஸ்வரி அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு காலையில் வீடெல்லாம் தேடியும் உப்பு கிடைக்காமல் சலித்துப்போய்க் கொல்லையில் உட்கார்ந்து, எம்மா உப்பை எங்க வச்சாளோ என்று தனக்குத்தானே சொன்னபோது, அறைக்குள்ளிருந்து சித்தியின் குரல் நிதானமாகச் சொன்னது: "அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டு, புளிப்பானைக்குப் பின்னாடி." உப்பு அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு ஈசு தினமும் சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டாள். ரேஷன் அட்டை எங்கே, அவளுக்கு அம்மை போட்டது எந்த வயதில், அப்பாவின் சட்டை அளவு என்ன என்று அம்மா தொலைத்ததையெல்லாம் பதினோரு பேரும் பங்கு போட்டு வைத்திருந்து, கேட்டால் கொடுத்தார்கள்.

செய்தி ஊருக்குள் போனது, உலைமூடியால் உலையைத்தானே மூடலாம். செத்தவர்கள் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் பதினோரு வீட்டாரும் பூவும் பழமுமாக வந்து கொல்லையில் உட்கார்ந்தார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குக் குருவம்மாள் மறந்ததைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. செத்தவர்களில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நான்கு வருஷமான பொன்னுக்காளை சுவரில் நெற்றியை வைத்து, நம்ம பிள்ளை உன்னைக் கேட்குது, ஏதாவது சொல்லு என்று கெஞ்சினான். அவன் மனைவியின் குரல், அவன் படுக்கையில் கேட்ட அதே குரல், குருவம்மாள் ரசத்துக்குப் போடுகிற மிளகு எத்தனை என்று சொன்னது. அவன் ஒரு மணி நேரம் அதையே கேட்டுவிட்டு, எழுந்து, வீட்டுக்குள் போய், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த குருவம்மாளை ஓங்கி ஓர் அறை அறைந்தான். யாரும் தடுக்கவில்லை. செத்தும் எங்கள் பெண்களை உன் வீட்டு வேலைக்கு வைத்திருக்கிறாயே என்று ஆவுடைத்தாய் கேட்டது ஊர் முழுவதும் கேட்ட கேள்விதான்.

ஊர் சிரிக்கவும் கற்றுக்கொண்டது. தெருவில் பால் வண்டி ஹாரன் அடித்தால் குருவம்மாள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, எதிரில் எந்தக் கதவு இருந்தாலும் ஓடிப்போய் வெளியே கொண்டி போட்டுவிட்டு விறைத்து நின்று, உள்ள யாரும் இல்ல சார் என்பாள். ஒருமுறை தலையாரி கக்கூசுக்குள் அரை நாள் கிடந்தார். பிள்ளைகள் அவளைப் பார்த்தாலே வாயால் இரண்டு ஹாரன் அடித்தார்கள், பெரியவர்கள் அதட்டுவது போல அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தார்கள். ஈசு கல்லை எடுத்துக்கொண்டு துரத்துவாள். ஒருவனுக்கு மண்டை உடைந்தது, பள்ளியில் முட்டி போட்டாள்.

சீனிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை நாலு பன் வாங்கிக்கொண்டு வந்து, அவள் எதிரில் குந்தி, என்னைத் தெரியுதா குருவம்மா என்று கேட்பான். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, தெரியலையே அண்ணாச்சி, ரேஷன் கடையா என்பாள். அவன் பன்னைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போவான். கொண்டி போட்ட கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், போடச் சொன்ன வாய் யாருடையது என்பதைச் சொல்ல அவளை விட்டால் சாட்சி இல்லை. கம்பெனி, வெடிவிபத்து விசாரணைக்கு, அவளே பைத்தியக்காரத்தனமாகப் பூட்டிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்திருந்தது.

மார்கழியில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிய மகளைப் பார்த்து, யாரு தாயி நீ, எந்த வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டியா என்று குருவம்மாள் அன்பாகக் கேட்டாள். ஈசு அழவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போய்ச் சுவரில் காது வைத்தாள். உள்ளே சித்தி, "அங்காளஈஸ்வரி, ஈசு, ஆடி மாசம் பொறந்தா, இடது தோள்ல மச்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஈசுவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, இதெல்லாம் அம்மாவுக்குத் திரும்ப வேணும் சித்தி, கொண்டி போடச் சொன்ன ஆளு பேரும் வேணும் என்று கேட்டாள்.

"தொறந்தாத் தாரோம்," என்றாள் சித்தி. "ஒங்கம்மா தொறக்கணும்."

ஊரார் ஏற்கெனவே கடப்பாரை, கத்தி, வெல்டிங் நெருப்பு என்று எல்லாவற்றையும் அந்தக் கொண்டியிடம் காட்டித் தோற்றிருந்தார்கள். போட்ட கைதான் எடுக்க வேண்டும். அந்தக் கைக்கோ போட மட்டும்தான் தெரியும். எடுப்பதற்கு அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஜீப் போனபிறகு சீனிராஜ்தான் வந்து எடுத்துவிடுவான்.

தை பிறந்ததும் விசாரணை அதிகாரி குருவம்மாள் வீட்டுக்கே வருகிறார் என்று கடிதம் வந்தது. அதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. ஈசு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவுக்கு வாத்தியார் ஆனாள். காலையில் எழுப்பி, நான் ஈசு, உன் மகள், இது உன் கை, இது கொண்டி, மேலே தூக்கு, இடது பக்கம் இழு என்று தொடங்குவாள். குருவம்மாள் நல்ல மாணவிதான், தலையாட்டித் தலையாட்டிக் கேட்பாள். பத்து மணிக்குத் தூக்கக் கற்றுக்கொள்வாள், பதினொன்றுக்கு இழுக்கப் போவாள், பதினொன்று இருபதுக்கு உள்ளே கதவைத் தட்டுவார்கள், உடனே கற்றதெல்லாம் அவிழ்ந்து கொட்டிவிடும், காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். மறுபடி தொடங்கி, சாயங்காலம் கொஞ்சம் வரும். தூங்கி எழுந்தால் அதுவும் இருக்காது. மறுநாள் மறுபடியும் நான் ஈசு, உன் மகள். இப்படி இருபத்தோரு நாள் தினமும் அந்தப் பிள்ளை தன் அம்மாவுக்குப் புதிதாக அறிமுகமானாள். ஒருநாள் பொறுமை விட்டுப்போய், பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றால் அம்மாவின் கையில் அடித்தாள். குருவம்மாள் அடிபட்ட கையைத் தடவிக்கொண்டு, "கோவப்படாதீக டீச்சர், நாளைக்குச் சரியாச் செய்றேன்" என்றாள். விளக்குமாற்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஈசு அவள் மடியில் விழுந்து கிடந்தாள். யாரோ பெற்ற பிள்ளை அழுகிறதே என்று குருவம்மாளும் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

விசாரணை நாளன்று ஊரே கொல்லையில் கூடியது. பதினோரு வீட்டாரும் வந்தார்கள், கம்பெனி திறந்தால் போதும் என்றிருந்தவர்களும் வந்தார்கள், வேடிக்கைக்கு வந்தவர்கள்தான் அதிகம். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி வரவில்லை. சீனிராஜ் ஊர் முகப்பில் நின்று அவரை வரவேற்கப் போயிருந்தான். மரியாதை தெரிந்த மனுஷன்.

அதிகாரிக்குக் காத்திருக்க ஈசு தயாராக இல்லை. தட்டும் நேரத்துக்கு முன்னால் திறந்தால்தான் உண்டு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தி, கையை எடுத்து, வெள்ளித் தடத்தின் மேல் விரலுக்கு விரல் பொருத்தி வைத்தாள். மேலே தூக்கு என்றாள், தூக்கினாள். இடது பக்கம் இழு என்றாள். குருவம்மாளின் கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு இழுத்தது.

கதவு திறந்தது. தீ இல்லை, புகை இல்லை. பதினோரு பெண்களும் வெள்ளிக் கைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவர்கள், வெளிச்சம் கூசி நிமிர்ந்து பார்த்தார்கள். சூடான காற்று ஒன்று வெளியே வந்து குருவம்மாள் முகத்தில் அடித்தது, அதோடு உப்பு டப்பா வந்தது, ரேஷன் கடைத் தெரு வந்தது, கிழமை வந்தது, புருஷன் முகமும் அவன் மேல் இருந்த கோபமும் வந்தது, இரட்டைச் சடை விரல்களுக்குள் வந்தது. அவள் திரும்பிப் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள்.

"ஈசு," என்றாள். "ஏட்டி, பள்ளிக்கூடம் போகலையா நீ?"

அந்தப் பிள்ளை வாழ்க்கையில் அதைவிட நல்ல வசவைக் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே, இரு எம்மா, சித்தியக் கூட்டிட்டு வாரேன், அவ வந்து பேரைச் சொல்லட்டும் என்று உள்ளே ஓடினாள். சண்முகத்தாய் கையை நீட்டினாள், ஈசு பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற குருவம்மாளுக்கு எல்லாம் வந்துவிட்டது, கடைசியாக ஒரு பெயர் மட்டும் நாக்கு நுனிக்கு வந்துகொண்டிருந்தது. பொன்னுக்காளை தன் மனைவியைப் பார்த்துவிட்டு ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தான்.

ஊர் முகப்பில் அதிகாரியின் ஜீப்பில் ஏறிக்கொண்ட சீனிராஜ், டிரைவரிடம், தெருவுல ஆடு மாடு நிக்கும் தம்பி, நல்லா ரெண்டு ஹாரன் அடிங்க என்றான்.

டிரைவர் அடித்தார்.

ஊர் அப்போது செய்ததைப் பொல்லாத்தனம் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அந்த ஊரில் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்காத கை இல்லை, அந்தப் பாடத்தைப் படிக்காத காலும் இல்லை. ஹாரன் கேட்டதும் கொல்லையில் நின்றவர்கள் எல்லோரும் கண்மூடித் திறப்பதற்குள் தங்கள் தங்கள் இடத்துக்கு நகர்ந்தார்கள். ஆவுடைத்தாய் கீழே கிடந்த முறத்தை எடுத்து ஒன்றுமில்லாததைப் புடைத்தாள். பொன்னுக்காளை எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்து, மனைவிக்கு முதுகைக் காட்டி, முருங்கை மரத்தைப் பார்த்து நின்றான். குருவம்மாளின் கை கம்பெனியிலேயே வேகமான கை. கதவு சாத்தியதும், கொண்டி வளையத்தில் விழுந்ததும், அவள் மூன்று எட்டில் கொல்லைத் தரையில் வற்றல் காய்ந்த பாய்க்கு அருகே போய் நின்றதும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. நாக்கு நுனிக்கு வந்த பெயர் திரும்பிப் போயிற்று, அதன் பின்னாலேயே மற்ற எல்லாமும் போயின.

அதிகாரி கொல்லைக்குள் வந்தார், சீனிராஜ் அவருக்குப் பின்னால் வந்தான். மணி பதினொன்று இருபது. கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது. வழக்கமான தட்டலுக்கு நடுவில், கொஞ்சம் கீழே, சின்னக் கை ஒன்றும் தட்டியது.

"எம்மா," என்றது குரல். "மேல தூக்கு. இடது பக்கம் இழு. எம்மா, நான் ஈசு."

அதிகாரி பேனாவைத் திறந்தபடி ஊரைப் பார்த்தார், ஊர் முறத்தையும் முருங்கை மரத்தையும் பார்த்தது. அவர் குருவம்மாளிடம் திரும்பி, இது என்ன அறை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அவள் விறைத்து நின்றாள். வாங்கிய தூக்குவாளிக்கு ஒரு குறையும் வைக்காமல், ஒரு சொல் தடுமாறாமல், நன்றாகப் படித்த பிள்ளை ஒப்பிப்பது போலச் சொன்னாள்:

"உள்ள யாரும் இல்ல சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.